சேற்றில் சிக்கிய ஜீரோ

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தபோது, பிரிட்டிஷாரின் பஃபலோ போர் விமானங்களால் வானில் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் ஜப்பானியக் கடற்படையின் ‘ஜீரோ’ விமானம் நேச நாட்டு விமானிகளைக் கலங்க வைத்திருந்தது. அதன் பலம் அவர்களுக்குத் தெரியும். பலவீனம் எது? அதை அறிய, அதிகம் சேதமடையாத ஒரு ஜீரோ கையில் கிடைக்க வேண்டும்.

அது கிடைத்த இடம் அலாஸ்காவை ஒட்டிய அக்குட்டான் தீவு. 1942 ஜூன் 4ஆம் தேதி டச்சு ஹார்பர் துறைமுகத்தைத் தாக்க வந்த 19 வயது விமானி தடாயோஷி கோகாவின் ஜீரோவில் குண்டு பட்டு, எண்ணெய்க் குழாய் அறுந்தது. புல்தரை என்று நம்பி அவர் இறங்கியது சதுப்பு நிலத்தில். சக்கரங்கள் சேற்றில் சிக்கி விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. கோகா கழுத்து முறிந்து இறந்தார். விமானம் எதிரியிடம் சிக்காமல் சுட்டு அழித்துவிட வேண்டும் என்பது கட்டளை. உடன் வந்த இருவர் மேலே வட்டமிட்டனர். உள்ளே நண்பன் உயிரோடு இருக்கலாமே! சுட மனமின்றித் திரும்பிவிட்டனர்.

ஜூலை 10ஆம் தேதி அமெரிக்க ரோந்து விமானம் ஒன்று அதைக் கண்டது. சேற்றிலிருந்து மீட்பது எளிதாக இல்லை. கனரக இயந்திரங்களைக் கொண்டுபோன பிறகே இழுக்க முடிந்தது. சான் டியாகோவில் பழுதுபார்க்கப்பட்ட அந்த விமானத்தைச் செப்டம்பர் 20ஆம் தேதி எடி சாண்டர்ஸ் என்ற கடற்படை விமானி ஓட்டினார். அக்டோபர் 15க்குள் 24 முறை பறந்தார்.

ரகசியம் வெளிப்பட்டது. மணிக்கு சுமார் 370 கிலோமீட்டரைத் தாண்டினால் ஜீரோவின் இறக்கை மடிப்புகள் இறுகிவிடும். சட்டென்று உருள முடியாது. வலப்பக்கம் திரும்புவது இன்னும் சிரமம். மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் எரிபொருள் தடைபட்டு இயந்திரம் திணறும். துரத்தப்படும் விமானி என்ன செய்ய வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது: வேகமாகக் கீழே பாய்ந்து, வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

இந்த ஜீரோவைப் பார்த்துத்தான் அமெரிக்கா ‘ஹெல்கேட்’ விமானத்தை வடிவமைத்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. ஹெல்கேட் முதன்முதலில் பறந்தது 1942 ஜூன் 26ஆம் தேதி. அன்று கோகாவின் விமானம் இன்னும் சேற்றில்தான் கிடந்தது!

1945 பிப்ரவரியில், சான் டியாகோவில் தரையில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஜீரோமீது வேறொரு அமெரிக்க விமானம் மோதிச் சிதைத்தது.

போர் முடிந்த பின்னும் இந்தச் சோதனை வேலை நிற்கவில்லை. அது மலாயாவுக்கே வந்தது. 1946 தொடக்கத்தில் ஜொகூர் தெப்ராவ் விமானத் தளத்தில் ஜீரோ உட்பட சுமார் 64 ஜப்பானிய விமானங்களை பிரிட்டிஷார் திரட்டினர். சரணடைந்த ஜப்பானிய விமானிகளே அவற்றில் சிலவற்றை ஓட்டிக் காட்டினர். கப்பலில் இடமில்லை, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவை நான்குதான்.