தென்கடல் தயற்றங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் மனித வரலாற்றைத் திருப்பவல்லன என்பதற்கு ஊவா மலைகளே சான்று. 1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைத்துருப் பங்கசு, ஏறத்தாழ இருபதாண்டுகளுள் கோப்பிப் பயிரை வீழ்த்தித் தேயிலைக்கு வழிவிட்டது. பருவந்தோறும் வந்து மீண்ட தமிழ்த் தொழிலாளர் பதுளைத் தோட்டங்களில் நிலையாக வேரூன்றியது அதன் பின்னரேயாம். துருவக் கடல்களில் வாழும் தயற்றங்களும் அத்தகு ஆற்றல் உடையனவோ என்பது நம் காலத்து வினா.

தயற்றங்கள் சிலிக்கா ஓடுடைய தனிக்கல அல்காக்கள். 1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் கிளார்க் ரோஸ் நடாத்திய அந்தாட்டிக்கப் பயணத்திற் சென்ற இளந் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், பனிக்கட்டியைப் பழுப்பாக்கியவை இவையே எனக் கண்டார். தென்கடல் விலங்குகளின் உணவுக்கு இவையே அடிப்படை எனவும் உணர்ந்தார். சலஞ்சர் கப்பலின் ஆய்வோ (1872–1876), இவற்றின் ஓடுகள் கடலடியிற் சேறாகப் படிந்திருத்தலைக் காட்டிற்று.

இவ்வீழ்ச்சியிலேயே பொருள் பொதிந்துள்ளது. பெருங்கலங்கள் திரளாக ஒட்டி விரைந்து அமிழுங்கால், ஒளித்தொகுப்பாற் பெற்ற காபனும் ஆழத்தைச் சேரும். மேற்பரப்பில் உண்ணப்படும் சிறுகலங்களின் காபனோ பெரும்பாலும் காபனீரொட்சைட்டாக மீளும்.

தென்கடலில் இரும்பு அரிது. அதனை இட்டால் தயற்றம் பெருகும் என அமெரிக்க அறிஞர் ஜோன் மாட்டின் வாதிட்டார். 2004இல் நிகழ்ந்த ஒரு சோதனையில், அவ்வாறு பெருகிய தயற்றத் திரளிற் பாதிக்கு மேற்பட்டது 1000 மீற்றருக்குக் கீழே அமிழ்ந்தது. 2009இல் கோவாவிலுள்ள தேசிய கடலாய்வு நிறுவனமும் ஜேர்மனியின் அல்பிரட் வெகனர் நிறுவனமும் இணைந்து, 300 சதுர கிலோமீற்றர்ப் பரப்பில் மீண்டும் இரும்பிட்டன. இரும்பைக் குறிக்கும் இந்திச் சொல்லால் அது 'லோஹாஃபெக்ஸ்' எனப் பெயர்பெற்றது. சூழலியலாளரின் எதிர்ப்பால் ஜேர்மன் அரசு அதனைச் சிறிது காலம் நிறுத்திப் பின் அனுமதித்தது. ஆயின் அந்நீரிற் சிலிக்கா முன்னரே தீர்ந்திருந்தமையால் தயற்றங்கள் வளரவில்லை. வளர்ந்த சிறுகலங்களை ஓட்டுடலிகள் மேய்ந்தன. ஆழஞ் சேர்ந்த காபன் சொற்பமே.

முன்னைய சோதனையின் வெற்றி எங்கும் பொருந்தும் விதியன்று என்பதே இதன் பாடம். ஆலைகள் உமிழ்ந்த புகையைக் கடல் விழுங்கிவிடும் என நம்பிப் புகையைத் தொடர்தல் தகுமோ? தவறின் விளைவு, மழையையே நம்பி விதைக்கும் மொனராகலை உழவனையும் சாரும். ஆதலின் அவ்வினா அறிஞர்க்கு மட்டும் உரியதன்று.