கிகோமா

தான்சானியாவின் மேற்கு எல்லையில், தங்கனீக்கா ஏரியின் கிழக்குக் கரையில் அமைந்த துறைமுக நகரம். தார் எஸ் சலாமிலிருந்து சுமார் 1,250 கி.மீ. ஓடிவரும் மத்திய ரயில் பாதை இங்கே முடிகிறது. சுற்றுப்புறத்தின் பழங்குடிகள் ஹா மக்கள். தங்கனீக்கா ஏறத்தாழ 1,470 மீட்டர் ஆழமுள்ளது. பைக்காலுக்கு அடுத்தபடியாக உலகின் மிக ஆழமான ஏரி. தான்சானியா, காங்கோ, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளும் அதன் கரையில் உள்ளன.

உஜிஜி காலம்

கிகோமாவுக்குச் சில கி.மீ. தெற்கே உள்ள உஜிஜிதான் இக்கரையின் பழைய ஊர். 19ஆம் நூற்றாண்டில் ஏரிக்கு அப்பாலிருந்து கொண்டுவரப்பட்ட தந்தமும் அடிமைகளும் இங்கிருந்து இந்தியப் பெருங்கடலோர பாகமோயோவுக்கு நடைப்பயணமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1858இல் ஆய்வுப் பயணிகளான பர்ட்டனும் ஸ்பீக்கும் இவ்வழியே ஏரியை அடைந்தனர். 1871இல் ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டனைச் செய்தியாளர் ஸ்டான்லி கண்டடைந்ததும் இங்குதான். நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும் அதைச் சொல்கின்றன. ஆனால் அச்சந்திப்பைவிட முக்கியமானது, லிவிங்ஸ்டன் சுமந்து வந்த சாட்சியம். அவ்வாண்டு ஜூலையில் ஏரிக்கு மேற்கே நியாங்வே சந்தையில் அடிமை வணிகர்கள் நடத்திய படுகொலையை அவர் நேரில் கண்டிருந்தார். அவரது கடிதங்கள் பிரிட்டனில் எழுப்பிய கொதிப்பு, 1873இல் சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட ஒரு காரணமாயிற்று. உஜிஜிக்குச் செல்வோர், பெயர் பதிவாகாமல் இவ்வழியே நடத்திச் செல்லப்பட்டவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

1870களின் இறுதியில் லுகுகா ஆற்று வாயிலின் அடைப்பு உடைந்து ஏரி நீர் வெளியேறியது. நீர்மட்டம் தாழ்ந்தது, அந்தச் சந்திப்பு நிகழ்ந்த இடம் இன்று கரையிலிருந்து விலகி நிற்கிறது.

ரயிலும் கப்பலும்

ஜெர்மானியர் ஆழமான, காற்றுக்கு மறைவான கிகோமா விரிகுடாவில் துறைமுகம் கட்டினர். 1914 பிப்ரவரியில் ரயில் வந்தது. ஊரின் மையம் உஜிஜியிலிருந்து இங்கே மாறியது. பாப்பன்பர்க் நகரில் கட்டிப் பிரித்த 'கிராஃப் ஃபான் கோட்சன்' கப்பல், பெட்டி பெட்டியாக ரயிலில் வந்து 1915இல் நீரில் இறங்கியது. மறு ஆண்டு ஜூலையில் பெல்ஜியப் படை நெருங்கியபோது, எதிரி கையில் சிக்காதிருக்க ஜெர்மானியரே அதை மூழ்கடித்தனர்; என்றாவது மீட்கலாம் என்று இயந்திரங்களுக்குத் தடிமனாகக் கிரீஸ் பூசியிருந்தனர். ஆங்கிலேயர் 1924இல் மேலே தூக்கினர். 1927இல் 'லியெம்பா' என்ற பெயருடன் ஓடத் தொடங்கிய அக்கப்பல், சாலையே இல்லாத கரையோரக் கிராமங்களுக்குப் பல தலைமுறைகள் போக்குவரத்தாக இருந்தது. 1965 ஏப்ரலில் புரட்சியாளர் சே குவேரா காங்கோவுக்கு ஏரியைக் கடந்ததும் கிகோமாவிலிருந்தே.

ஏரி வாழ்வு

'டாகா' எனும் சிறுமீன் இக்கரையின் உணவும் வருவாயும் ஆகும். நிலவில்லா இரவுகளில் மீனவர் விளக்கொளியால் அதைக் கவர்ந்து பிடிப்பர். முழுநிலவு நாட்களில் படகுகள் ஓய்வெடுக்கும். பகலில் மீன் வெயிலில் உலர்த்தப்பட்டு, தொலைவூர்ச் சந்தைகளுக்குப் போகிறது. வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிக்லிட் மீனினங்களும் இந்நீரில் வாழ்கின்றன.

கோம்பேயும் மகாலேயும்

கிகோமாவுக்கு வடக்கே படகில் சென்றடையும் கோம்பே காட்டுக்கு 1960 ஜூலையில் சிம்பன்சிகளை ஆராய ஜேன் குடால் வந்தார். புல்தண்டைப் புற்றில் விட்டுக் கரையான் பிடித்த சிம்பன்சியை அவ்வாண்டே கண்டார். கருவி செய்வது மனிதருக்கு மட்டுமே உரியது என்ற கருத்து தகர்ந்தது. 1968இல் கோம்பே தேசியப் பூங்கா ஆயிற்று. தெற்கே உள்ள மகாலே மலைகளில் 1965 முதல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிம்பன்சிகளைக் கவனித்துவருகின்றனர். அது 1985இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கோம்பேயைச் சுற்றிய காடுகள் விறகுக்கும் விவசாயத்துக்கும் அழிந்தபோது, குடால் நிறுவனம் 1994இல் கிராமத்தாருடன் சேர்ந்து மரம் வளர்க்கும் 'டேக்கேர்' (TACARE) திட்டத்தைத் தொடங்கியது. பசியுள்ள கிராமத்தின் அருகே காடு தனித்துப் பிழைக்காது என்பதே அதன் அடிப்படை. மனிதரின் சளி, காய்ச்சல் சிம்பன்சிகளைக் கொல்லக்கூடும் என்பதால், பயணிகள் நோயுடன் காட்டுக்குள் போகாமலிருப்பதும் தூரம் காப்பதும் கட்டாயமான பொறுப்பு.