மிச்ச ரெண்டு மணி நேரம்

கல்வி எதுக்கு? பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் சொன்ன பதில்ல ரெண்டு பாதி உண்டு. பிள்ளையை மொத்தச் சமூகத்துக்கும் தயார் பண்ணணும். அது போய்ச் சேரப்போற இடத்துக்கும் தயார் பண்ணணும்.

சரி, அந்த இடத்தை யார் முடிவு பண்றது?

1953. முதல்வர் ராஜாஜியோட புதிய தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளி நேரம் 5 மணியிலிருந்து 3 மணி ஆச்சு. ஷிஃப்ட் முறை. அதே வாத்தியார், அதே கட்டடம், ரெண்டு மடங்கு பிள்ளைங்க. கையில காசில்லாத அரசுக்கு இந்தக் கணக்கு சரிதான், மறுக்க மாட்டேன்.

வில்லங்கம் மிச்ச நேரத்துல இருந்தது. பையன் அப்பாவோட தொழிலைக் கத்துக்கணும், பொண்ணு அம்மாகிட்ட வீட்டு வேலை. சவரத் தொழிலாளி மகனுக்குக் கத்தி, சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி. வக்கீல் மகனுக்கு? திட்டம் முதல்ல கிராமங்களுக்கு மட்டும்தானே!

'குலக்கல்வி'ன்னு பேர் வச்சு பெரியார், திமுக, ஏன் காங்கிரஸ்காரங்களே எதிர்த்தாங்க. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதல்வரானார். மே மாசமே திட்டம் கைவிடப்பட்டது.

1953-ல ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த பிள்ளைங்க, 1965 வாக்கில் மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பம் போடுற வயசுக்கு வந்திருப்பாங்க. அந்த வரிசையில சவரத் தொழிலாளி மகனும் நிக்கலாமாங்கிறதுதான் அன்னிக்கு நடந்த சண்டை.