இரசாயனப் பிணைப்பு

அணுக்கள் தனித்து நில்லாமல் ஒன்றோடொன்று கூடி மூலக்கூறுகளாக நிலைபெறுவதற்குக் காரணமான பந்தத்தை இரசாயனப் பிணைப்பு என்பர். அணுக்களுக்குக் கொக்கிகள் உண்டென்றும், அவற்றால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்றும் பழங்காலந்தொட்டுச் சொல்லிவந்த விளக்கத்தை, வினாவையே விடையாக வைக்கும் வாதமென்று நியூட்டன் தள்ளிவிட்டார். கொக்கியே உடையாமல் இருப்பது எதனால் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதல்லவா?

மின்சாரம் உப்புகளைப் பிரிப்பதைக் கண்ட ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ், அவற்றைச் சேர்த்து வைத்திருப்பதும் மின்சாரமே என்ற சித்தாந்தத்தை வகுத்தார். சோற்றுப்புக்கு வெகு பொருத்தமான இக்கொள்கை ஹைட்ரஜனிடம் வந்து இடறியது: ஒரே ஜாதி அணுக்கள் இரண்டு கூடியதே அவ்வாயுவின் மூலக்கூறு என்று 1811-இல் அவகாட்ரோ காட்டிய கருத்தை, ஒத்த மின்னேற்றங்கள் விலகுமேயன்றிச் சேரா என்று கருதிய பெர்ஸீலியஸ் ஏற்க மறுத்தது ஒரு காரணமாக, 1860-இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிஸாரோ எடுத்து வாதாடும் வரையில், அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு மதிப்பாரற்றுக் கிடந்தது. இதற்கிடையே பிராங்க்லண்ட் 1852-இல் இணைதிறன் என்ற கருத்தைத் தந்தார். 1858-இல் கூப்பர் அணுக்களுக்கிடையே கோடு இழுத்துக் காட்டினார். கோடு எதைக் குறிக்கிறதென்று அன்று எவருக்கும் தெரியாது.

1897-இல் எலெக்ட்ரான் கண்டறியப்பட்ட பின்னரே வழி திறந்தது. சோடியம் தன் எலெக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட, எதிரெதிர் மின்னேற்றம் பெற்ற இரண்டும் கவர்ந்து நிற்கின்றன என்று ஜெர்மானியரான கோஸல் 1916-இல் கூறினார். அவ்வாண்டிலேயே கலிபோர்னியாவில் லூயிஸ், கொடுக்கல் வாங்கல் இன்றியும், ஓர் இணை எலெக்ட்ரான்களை இரண்டு அணுக்கள் பொதுவில் அனுபவிப்பதால் பந்தம் உண்டாகும் என்றார். எனினும், விலகவேண்டிய இரண்டு எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் கூடி வாழ்வது எங்ஙனம் என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

விடை 1927-இல் ஜூரிச் நகரில் கிடைத்தது. புழுக்கமான ஒரு பிற்பகலில் உறங்கி எழுந்தபோது அது மனத்தில் உருவாகியிருந்ததாக இயற்பியலாளர் ஹைட்லர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். உடனே லண்டன் என்னும் தம் நண்பரைக் கூப்பிட்டுக் கணக்கில் இறங்கினார். எதிரெதிர்ச் சுழற்சியுடைய இரண்டு எலெக்ட்ரான்கள் இரு ஹைட்ரஜன் கருக்களுக்கும் இடைப்பட்ட வெளியில் மிகுந்து செறிய, அச்செறிவை இரு கருக்களும் கவர்கின்றன. மேலும் நெருங்கினால் கருக்களே ஒன்றையொன்று தள்ளும். ஆகவே, ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைந்த தூரத்தில் அவை அமைதி கொள்கின்றன. இவ்வமைதியைக் குலைத்து 2 கிராம் ஹைட்ரஜனைத் தனி அணுக்களாக்க ஏறத்தாழ 104 கிலோ கலோரி வேண்டும். உறைநிலையிலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அவ்வெப்பம் போதும்.

அவர்கள் கணித்த மதிப்பு சோதனையில் கண்டதைவிடக் குறைவுதான். 1933-இல் ஜேம்ஸும் கூலிட்ஜும் அந்த இடைவெளியைப் பெரும்பாலும் அடைத்தனர். கரி முதலிய அணுக்களுக்கு இம்முறையை விரித்த பாலிங்கின் நூல் 1939-இல் வெளிவந்தது. ஆயினும் ஹைட்லரும் லண்டனும் எழுதிய முதற் கட்டுரையின் சிறப்பு வேறொன்றில் உள்ளது: ஹைட்ரஜனை இணைத்துக் காட்டிய அதே கணக்கு, ஹீலியம் அணுக்கள் இரண்டை எதிரெதிரே நிறுத்தியபோது, அவை விலகும் என்றே காட்டிற்று.