தகட்டை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் செயல்படத் தொடங்கியது. சென்னை வானாய்வகத்தின் பணிதான் இங்கே மாற்றப்பட்டது. 1870களின் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசை உறுத்தியிருந்தது. மிக்கி ஸ்மித் முதல் இயக்குநர். பின்னர் வந்த ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்குதான் கண்டறிந்தார். 1904 முதல் வெள்ளொளியிலும் கால்சியம் ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் எடுத்த படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் பிலிம்களிலும் குவிந்தன. ஒரே இடத்திலிருந்து நூறாண்டுச் சூரியனைக் காட்டும் இத்தகைய தொகுப்பு உலகில் அரிது.

இவற்றைக் கணினிக்கு மாற்றியபோது, பழைய கணினியில் புதிய மென்பொருளை ஏற்றும்போது வரும் அதே முரண்பாடு எழுந்தது. ஒரு காலத்தின் கருவி கொடுத்ததை இன்னொரு காலத்தின் நிரல் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறது. சூரிய ஒளியைத் திருப்பித் தரும் சுழல் கண்ணாடியால் பிம்பம் நேரத்துக்கேற்பச் சுழலும். அதை நிமிர்த்த நிரலுக்குப் படமெடுத்த நேரம் துல்லியமாக வேண்டும். நேரம் பிழையானால் வடக்கு எது என்பதே பிழையாகி, புள்ளிகள் தவறான அட்சரேகையில் போய் உட்காரும். முற்காலத் தகடுகள் பலவற்றில் கருமைக்கும் ஒளியளவுக்குமான அளவுகோல் பதியப்படவில்லை என்பது இன்னொரு இடைஞ்சல். ஆய்வாளர்கள் அமைதியான சூரியப் பரப்பு விளிம்பை நோக்கி மங்கும் விதத்தைக் கொண்டு அதை ஈடுசெய்கிறார்கள்.

மின்படம் எடுத்தபின் தகடு எதற்கு, பூச்சு சிதையும், இடம் அடைக்கும் என்பார்கள். சிதைவு உண்மைதான், பூஞ்சையும் ஈரமும் மலையில் ஓயாத பகை. ஆனால் கால்சியம் தகடுகள் முதலில் 8 பிட் ஆழத்தில், 256 சாம்பல் படிகளாகத்தான் கணினிக்குள் வந்தன. பின்னர் 16 பிட் ஆழத்தில், 65,536 படிகளாக மீண்டும் எடுத்தார்கள். முதல் முயற்சியோடு தகடுகளைக் கைவிட்டிருந்தால் அந்த இரண்டாவது வாய்ப்பே இருந்திருக்காது. எஞ்சிய பிழைகளைப் புள்ளியியல் தீர்க்கும் என்ற வாதமும் முழுதாய் நிற்பதில்லை. நிரல் முரணைக் காட்டிக்கொடுக்கும். எது சரி என்று தீர்மானிக்க, அன்று பார்த்தவர் எழுதிவைத்த குறிப்பேடு வேண்டும். ஆகவே மின்பதிவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, தகடுகள் இருக்கும் அறையின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவும் குறிப்பேட்டின் நேரங்களை வரிவரியாகச் சரிபார்க்கவும் போக வேண்டும்.