இரு பதிவேடுகள்: மலேசியாவில் திருமணப் பதிவும் நில மாற்றமும் தரும் சட்ட உறுதிப்பாடு

முன்னுரை

கரணம் என்னும் திருமணச் சடங்கு ஏன் தோன்றியது என்பதற்குத் தொல்காப்பியக் கற்பியல் ஒரு காரணம் கூறுகிறது. மக்கள் வாழ்வில் பொய்ம்மையும் பிறழ்வும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் அதனை வகுத்தனர் என்பது அதன் கருத்து. சோழர் காலக் கல்வெட்டுகளும் நில விற்பனையை நான்கெல்லை குறித்து, சான்றாளர் கையெழுத்துடன், விலையாவணமாகப் பொறித்து வைத்தன. மணவினையும் நிலமாற்றமும் பின்னாளில் மறுக்கப்படலாம் என்ற அச்சமே இரண்டையும் சான்றுக்கு உட்படுத்தியது எனலாம். இதே அச்சம் மலேசியச் சட்ட வரலாற்றில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதையும், அதனால் கிடைத்த உறுதிப்பாடு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நிலப் பதிவேடு

1858ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் அறிமுகப்படுத்திய முறை, நில உரிமைக்கான சான்றைப் பழைய பத்திரங்களின் தொடரிலிருந்து பதிவேட்டுக்கு மாற்றியது. அம்முறையில் உரிமையை உண்டாக்குவது பதிவுதான். ஆஸ்திரேலியா சென்று இம்முறையைக் கற்றறிந்த வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், 1891ஆம் ஆண்டில், அங்கு உரிமைப் பதிவு ஒழுங்குவிதி இயற்றப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கும் மலாக்காவுமோ ஆங்கிலேயப் பத்திர முறையையே நெடுங்காலம் பின்பற்றின. 1966 சனவரி 1இல் நடப்புக்கு வந்த 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தொகுப்பு தீபகற்பம் முழுவதையும் ஒரே முறையின்கீழ்க் கொண்டுவந்தது.

இச்சட்டத்தொகுப்பின் 340ஆம் பிரிவு, பதிவு பெற்ற உரிமை அசைக்க முடியாதது என்கிறது. எனினும் மோசடி, கள்ளக் கையொப்பம், செல்லாத ஆவணம் முதலியவற்றை விதிவிலக்காக வைக்கிறது. இவ்விதிவிலக்கின் எல்லை எதுவென்பது பெருஞ்சிக்கலாயிற்று. பினாங்கில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவரின் நிலத்தை, அவராக நடித்த வேறொருவர் ஒரு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கிய நிறுவனத்திற்கே நிலம் உரியது எனத் தீர்ப்பளித்தது. கையெழுத்தே இடாத உரிமையாளர் நிலத்தை இழந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2010 சனவரியில், வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அம்முடிவு தவறானது என அறிவித்தது. கள்ளப் பத்திரத்தின் வழி நேரடியாக உரிமை பெற்றவருக்குப் பாதுகாப்பு இல்லை. அவரிடமிருந்து நல்லெண்ணத்துடன் வாங்கும் அடுத்தவருக்கே உண்டு என்பது இன்றைய நிலை. டோரன்ஸ் முறையின் மூல வடிவத்தில், இழந்தவருக்கு ஈடு செய்யக் காப்புநிதி ஒன்று இருந்தது. 1965ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்நிதிக்கு இடமளிக்கப்படவில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

உறுதிப்பாடு பதிவேட்டில் பெயருள்ளவருக்கே உரியது என்பதற்குத் தோட்டத் தமிழர் வரலாறு மற்றொரு சான்று. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்றபோது அவை துண்டாடப்பட்டன. அவ்விற்பனைகள் சட்டப்படி குறையற்றவை. ஆயினும் லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் பெயர் எந்தக் கிராண்டிலும் இல்லை. நிலம் கைமாறியதும் அவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். 1960ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது இதற்கான விடையாகவே. தொழிலாளரின் சிறு பங்குத்தொகைகளைத் திரட்டித் தோட்டம் வாங்கியதன் சட்டப்பொருள், அவர்களையும் கூட்டாகப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்ததேயாகும்.

திருமணப் பதிவேடு

1952ஆம் ஆண்டின் குடிமைத் திருமணச் சட்டம் பதிவுத் திருமணத்திற்கு வழி திறந்திருந்தபோதிலும், தமிழர் பெரும்பாலும் வழக்காற்றின்படியே மணந்தனர். தாலியும் ஊரார் வருகையும் சான்றாயின. பலதார மணத்திற்கும் தடை இருக்கவில்லை. 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. கோயில் பூசகர்களையும் துணைப் பதிவாளராக நியமிக்க அது இடமளித்தது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் இதனை முன்னரே செய்திருந்தது.

1982க்கு முன் செல்லத்தக்கதாக நடந்த திருமணங்கள் பதியப்பட்டவையாகவே கருதப்படும் என்கிறது 4ஆம் பிரிவு. அதன் பின் நடப்பவை இச்சட்டப்படியே நடத்தப்பட வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. ஆனால், பதிந்த அல்லது பதியாத காரணத்தால் மட்டுமே ஒரு திருமணம் செல்லத்தக்கதோ செல்லாததோ ஆகிவிடாது என்கிறது 34ஆம் பிரிவு. இவற்றை இணைத்துப் பொருள் கொள்வதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. நிலச் சட்டத்தொகுப்பின் 206ஆம் பிரிவோடு இதனை ஒப்பிடலாம். பதியப்படாத நிலமாற்றம் உரிமையை மாற்றாது; எனினும் ஒப்பந்தமாக இருதரப்பையும் கட்டுப்படுத்தும் என்று அங்குக் கோடு தெளிவாக வரையப்பட்டுள்ளது. திருமணத்தில் அக்கோடு மங்கலாகவே உள்ளது.

இரு பதிவேடுகளும் சந்திக்குமிடம்

கணவனின் இறப்பில் இவ்விரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தின்படி, விருப்பாவணம் எழுதாமல் இறந்தவருக்குப் பெற்றோர் இன்றி மனைவியும் மக்களும் இருப்பின், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும் எஞ்சியது மக்களுக்கும் உரியது. சிறு சொத்தாயின் நில அலுவலகத்திலேயே விசாரணை நடக்கும். அங்கு ‘மனைவி’ என்பதை மெய்ப்பிக்கச் சான்றிதழே முதலில் கேட்கப்படும். பதியாத மனைவிக்குச் சட்டம் ஒருவேளை துணைநிற்கலாம். ஆனால் அவர் வழக்காடியே அதனைப் பெற வேண்டும். பதிவு செய்தவர் தாளைக் காட்டினால் போதும்.

குழந்தைகளின் நிலை இதைவிடக் கடுமையானது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தையின் குடியுரிமையைக் கூட்டரசு அரசமைப்பு தாயின் நிலையைக் கொண்டே தீர்மானிக்கிறது. தாய் குடிமகள் அல்லரெனில், தந்தை குடிமகனாயிருந்தும் பயனில்லாமல் போகலாம். மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டில் பிறந்து, பிறப்பிற்குப் பின்னரே பெற்றோர் திருமணத்தைப் பதிந்த குழந்தை ஒன்றின் வழக்கில், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் குடியுரிமை இல்லை என்றே முடிவு செய்தது. சில மாதக் காலதாமதம் ஒரு வாழ்நாளின் நிலையை முடிவுசெய்துவிட்டது.

முடிவுரை

பதிவேடு உண்மையைக் காக்க எழுந்த கருவி. பினாங்கு வழக்கில் அது பொய்யையும் காத்தது. தோட்டத் துண்டாடலில் பெயரற்றவர்களைக் கைவிட்டது. ஆகவே சட்ட உறுதிப்பாட்டைத் தன்னளவில் நீதி எனக் கொள்ள இயலாது. எனினும் அதற்கு வெளியே நிற்பவர் தாங்கும் சுமையே மிகப் பெரிது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. தாலி கட்டிய நாளே திருமண நாள் என்று நம் சமூகம் கொள்வதில் தவறில்லை. அந்நாளோடு பதிவேட்டில் ஒரு வரியும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பது தமிழாசிரியர் பணியிலும் அடங்கும். கரணம் வகுத்தவர்கள் கருதியதும் இதுவாகவே இருத்தல் வேண்டும்.