உட்கார வைத்த கேள்வி

இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986 என்று நினைவு. பத்தாம் வகுப்பில் ஆற்றல் அழிவின்மை பாடம். ஓடும் ரயிலை பிரேக் போட்டு நிறுத்தினால் அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகிக் காற்றோடு போய்விடும், திரும்பக் கிடைக்காது என்றேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "அதைப் பிடிச்சு வச்சுக்க முடியாதா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உட்காரச் சொன்னேன்.

ஓய்வு பெற்றபின் படித்தபோதுதான் தெரிந்தது, அதற்கு முப்பது வருடம் முன்பே பிடித்து வைத்திருக்கிறார்கள்!

மின்வண்டியின் மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி வேகத்தைக் குறைப்பது இன்னும் பழைய வித்தை. அப்படிப் பிறக்கும் மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்கே அனுப்பலாம். ஆனால் அந்நேரம் பக்கத்தில் இன்னொரு வண்டி கிளம்பி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். டிராம், மெட்ரோ போன்ற நேர்மின்சாரப் பாதைகளில் துணைமின்நிலையம் பெரும்பாலும் அதைத் திரும்ப வாங்காது. வாங்க ஆளில்லாவிட்டால் மின்தடைகளில் சூடாக்கி வீணடிக்க வேண்டியதுதான். அதனால்தான் வண்டியிலேயே சேமிக்கும் யோசனை வந்தது.

1953-ல் சுவிட்சர்லாந்தின் இவெர்டோன் ஊரில் ஓர்லிகான் நிறுவனத்தின் 'ஜைரோபஸ்' ஓடியது. தண்டவாளம் இல்லை, பஸ்தான். ஆனால் யோசனை இதேதான். வண்டிக்கு அடியில் ஒன்றரை டன் எஃகுச் சக்கரம், நிமிடத்துக்கு 3,000 சுற்று. காற்றின் உராய்வைக் குறைக்க அதை ஹைட்ரஜன் நிரப்பிய கூட்டுக்குள் வைத்தார்கள். நிறுத்தங்களில் கூரைக் கம்பிகளை உயர்த்தி மின்சாரம் வாங்கிச் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். பிரேக் போட்டால் அந்த ஆற்றலும் சக்கரத்துக்கே போகும். பெல்ஜியத்தின் கென்ட், காங்கோவின் லியோபோல்ட்வில் வரை போனது. எடையும் தேய்மானமும் தாங்காமல் 1960-க்குள் எல்லா இடத்திலும் நின்றுவிட்டது.

1970-களில் நியூயார்க் சுரங்க ரயிலின் இரண்டு பெட்டிகளிலும் இப்படிச் சுழல் சக்கரம் வைத்துப் பார்த்தார்கள். சோதனையோடு சரி.

பேட்டரி போதாதா என்று கேட்பீர்கள். பிரேக் பிடிக்கும் நேரம் சில வினாடிதான். அதற்குள் அவ்வளவு மின்சாரத்தை அன்றைய பேட்டரி விழுங்க முடியாது. தினம் நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் சீக்கிரம் கெட்டும் போகும். நாம் படித்த மின்தேக்கி இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. 2003-ல் ஜெர்மனியின் மன்ஹைமில் பம்பார்டியர் ஒரு டிராமின் கூரையில் சூப்பர் கெபாசிட்டர் பெட்டியை ஏற்றி, பயணிகளோடு நான்கு வருடம் ஓட்டிப் பார்த்தது. நின்றபோது சேர்ந்தது, கிளம்பும்போது செலவானது. சுமார் 30 சதவீத மின்சாரம் மிச்சம் என்றது நிறுவனம். விற்பவர் சொன்ன கணக்குதான், இருந்தாலும் சின்ன எண் இல்லை.

அந்தப் பையன் முகநூலில் இருக்கிறானா தெரியவில்லை. அந்த வருடத்து மாணவர்கள் யாராவது தொடர்பில் இருந்தால் இந்தப் பதிவை அவனிடம் காட்டுங்கள். முடியும் என்று சார் சொன்னதாகச் சொல்லுங்கள்.